பாதையின் ஹக்கு

பாதைக்கும் ஹக்கு உண்டு என்பது நம் பிள்ளைகளும் மதறஸாவில் ஓதிப் படிக்கும் சங்கதி. தெருவோரத்தில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்த தோழர்களிடம் நாயகம் (ஸல்) அவர்கள், உட்காரத்தான் வேண்டுமென்றால் பாதைக்குரிய ஹக்கைக் கொடுத்துவிடும்படி கூறினார்கள். பார்வையைத் தாழ்த்துவதும், பிறருக்குத் துன்பம் தராதிருப்பதும், ஸலாத்துக்குப் பதில் சொல்வதும், நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பதுமே அந்த ஹக்கு என்று விளக்கமும் தந்தார்கள். பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று என்பதும் நாம் அறிந்ததே. இவற்றை ஓதும்போதெல்லாம் பாதை என்றால் மனிதர் நடக்கும் பாதை, துன்பம் என்றால் மனிதருக்கு வரும் துன்பம் என்றே பெரும்பாலோர் விளங்கிக்கொள்கிறோம். அந்த விளக்கம் போதுமா?

போதாது என்று எண்ணும்படி ஒரு சம்பவம் 2025ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் தேதி விடியுமுன் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் நடந்தது. கிரிக்கிலிருந்து ஜெலிக்குப் போகும் அந்த மலைச்சாலையில் ஐந்து வயது மதிக்கத்தக்க யானைக் கன்று ஒன்று சரக்கு லோரியில் அடிபட்டு, லோரிக்கு அடியிலேயே சிக்கி இறந்துபோயிற்று. தாய் யானை அவ்விடம் விட்டு நகரவில்லை. லோரியின் முகப்பில் தன் தலையை வைத்து முட்டித் தள்ளிக்கொண்டே மணிக்கணக்காக நின்றது. கடைசியில் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் அதிகாரிகள் மயக்க மருந்து கொடுத்துத்தான் அதை அங்கிருந்து அப்புறப்படுத்த வேண்டியதாயிற்று. அன்று உலகத்தார் அன்னையர் தினம் கொண்டாடிக்கொண்டிருந்தனர். அந்தப் படத்தைக் கைத்தொலைபேசியில் பார்க்காதவர் நம்மில் எவரும் இருக்க முடியாது. பார்த்தோம், உச்சுக் கொட்டினோம், அடுத்த படத்துக்குப் போய்விட்டோம்.

அந்தச் சாலை நமக்கு அந்நியமானதல்ல. செர்டாங்கிலிருந்து கூலிம், பாலிங் வழியாகக் கிரிக் போய்ச் சேர்ந்தால் அதே சாலைதான் நம்மைக் கிளந்தானுக்குக் கொண்டுபோகிறது. நம் கடைகளில் விற்கும் பாத்திக் துணியும், கிரோப்போக்கும், கருவாடும், மீனும் அவ்வழியே வருகின்றன. 1970இல் வேலை தொடங்கி, கம்யூனிஸ்டு பயங்கரவாதிகளின் தொல்லைக்கு நடுவே காட்டை வெட்டி, 1982இல் திறந்தார்கள். அதற்கு முன் கிழக்குக் கரைக்குப் போவதென்றால் எவ்வளவு சுற்று என்பதைப் பழைய வியாபாரிகளைக் கேட்டால் தெரியும். ஆகவே அச்சாலையை இழித்துப் பேசுவது நன்றி கெட்ட செயல். ஆனால் அது பெலும், தெமங்கோர் காடுகளின் நடுவே போகிறது. யானைகள் பரம்பரை பரம்பரையாக நடந்த நிலத்தின் குறுக்கே நாம் ஒரு கோடு இழுத்துவிட்டோம்.

கோடு என்று சொன்னது வெறும் பேச்சுக்காக அல்ல. நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தின் மலேசியக் கிளையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், யானைகளின் கழுத்தில் இருப்பிடம் காட்டும் கருவியைக் கட்டி அவற்றின் நடமாட்டத்தைப் பின்தொடர்ந்து, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். யானைகள் தடையின்றிக் கடந்து செல்வதைச் சாலை ஏறக்குறைய 80 விழுக்காடு குறைத்துவிட்டது என்று கண்டார்கள். கடந்தவையும் நூற்றுக்கு 81 தடவை இரவில்தான் கடந்தன. இன்னொரு விஷயம் நமக்கே விசித்திரமாகத் தோன்றியது. மரத்தை வெட்டி வெளிச்சம் விழச் செய்த சாலையோரத்தில் புல்லும் இளஞ்செடியும் தழைப்பதால், யானைகள் அதைத் தின்னச் சாலைக்கே தேடி வருகின்றனவாம். அதாவது, ஒரு கையால் வழியை மறித்துவிட்டு மறு கையால் விருந்து வைத்து அழைக்கிறோம். வந்த விருந்தாளியை லோரி அடிக்கிறது.

இரவைப் பற்றிய இந்தக் கணக்கைப் படித்தபோது ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஒரு ஹதீஸ் நினைவுக்கு வந்தது. பிரயாணிகள் இரவில் இறங்கித் தங்கும்போது பாதையை விட்டு விலகித் தங்க வேண்டும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். அதற்கு அவர்கள் சொன்ன காரணம், இரவிலே பாதை பிராணிகள் நடமாடும் வழியாகவும் ஊர்வனவற்றின் இருப்பிடமாகவும் ஆகிவிடுகிறது என்பது. இது பிரயாணிகளின் பாதுகாப்புக்காகச் சொன்னது என்று உலமாக்கள் விளக்கம் எழுதியிருக்கிறார்கள். அது சரியே. ஆயினும் அதில் இன்னொன்றும் அடங்கியிருக்கிறது. பகலில் நமதாயிருக்கும் பாதை இரவில் வேறு படைப்புகளின் பாதையாக மாறுகிறது என்ற உண்மையை அந்தக் கட்டளை ஒப்புக்கொள்கிறது. பாதைக்கு இரண்டு பங்காளிகள். ஒருவருக்குப் பகல், மற்றவருக்கு இரவு. பங்காளியின் நேரத்தில் கடையைத் திறந்து வியாபாரம் செய்தால் அதற்கு என்ன பெயர் என்று வியாபாரிகளாகிய நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி, குற்றம் யாருடையது என்ற கேள்விக்கு வருவோம். இதுதான் எம்மைப் பல நாள் உறங்க விடாத கேள்வி. கன்றைக் கொல்ல வேண்டுமென்று யாரும் நினைக்கவில்லை. லோரி ஓட்டி இருட்டில் வந்தான், கன்று குறுக்கே வந்தது. சாலை போட்டவர்கள் நாட்டின் நன்மைக்காகப் போட்டார்கள். சரக்கு வரவழைத்தவர் தம் வாடிக்கையாளருக்காக வரவழைத்தார். எல்லோரும் நல்லவர்களாயிருக்க ஓர் உயிர் போயிற்று. அப்படியானால் பாவம் எவர் கணக்கிலும் பதிவாகாமல் போய்விடுமா?

ஸூரத்துன் நம்லில் வரும் எறும்பின் சரித்திரத்தை இவ்விடத்தில் கவனிக்க வேண்டும். ஸுலைமான் (அலை) அவர்களின் சேனை ஜின்களும் மனிதரும் பறவைகளுமாக அணிவகுத்து வருகிறது. எறும்புகளின் பள்ளத்தாக்கை நெருங்கும்போது ஓர் எறும்பு தன் கூட்டத்தாரை விளித்து, வீடுகளுக்குள் போய்விடுங்கள், ஸுலைமானும் அவர் சேனையும் அறியாமல் உங்களை நசுக்கிவிடக் கூடும் என்ற கருத்தில் எச்சரிக்கிறது. அந்தச் சிற்றெறும்பின் மரியாதையைப் பாருங்கள். நசுக்கினாலும் அறியாமல்தான் நசுக்குவார்கள் என்று நம்மைப் பற்றி நல்லெண்ணம் வைத்துப் பேசுகிறது. ஆனால் கதை அத்துடன் நிற்கவில்லை. அதன் சொல்லை ஸுலைமான் (அலை) கேட்டுவிட்டார்கள். கேட்டுப் புன்னகைத்து, தனக்குத் தரப்பட்ட நிஃமத்துக்கு நன்றி செலுத்தவும், அல்லாஹ் பொருந்திக்கொள்ளும் நற்செயலைச் செய்யவும் தவ்பீக் கேட்டு துஆச் செய்தார்கள். எறும்பின் சொல் காதில் விழுந்த நிமிஷத்திலேயே ‘அறியாமல்’ என்ற சலுகை முடிந்துபோயிற்று. அதன் பிறகு மிதித்தால் அது அறிந்து மிதித்ததாகும்.

நமக்கும் அந்தச் சொல் எட்டிவிட்டது. சாலை ஓரத்தில் யானைப் படம் போட்ட மஞ்சள் பலகை நிற்கிறது. கழுத்துப் பட்டையின் கணக்கு அச்சாகிவிட்டது. தாய் யானையின் படம் எல்லார் கையிலும் இருக்கிறது. இனி எந்த எறும்பும் நமக்காகச் சாக்குச் சொல்ல முன்வராது.

ஃபிக்ஹு நூல்களில் ஒரு சட்டம் உண்டு. ஒரு செயலை நேரே செய்தவனும் அதற்குக் காரணமாயிருந்தவனும் சேர்ந்திருந்தால் தீர்ப்பு நேரே செய்தவன் மீது சாரும் என்பது அது. காஜியார் மன்றத்தில் இச்சட்டம் அவசியம். இல்லையேல் கத்தியை விற்ற கடைக்காரனெல்லாம் கொலைகாரனாகிவிடுவான். ஆனால் இதை நம் காரியத்துக்குக் கேடயமாகப் பிடிப்பது நியாயமில்லை. லோரி ஓட்டி யார்? டிரிப்புக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவன். சுபுஹுக்குள் சரக்கு இறங்கவில்லையென்றால் அடுத்த தடவை வேறு லோரி என்று நாம் சொல்லிவிட்ட பிறகு, அவன் காலால் அழுத்தும் விசையை அழுத்துவது யாருடைய கால்? மன்றத்தில் அவன் பதில் சொல்லட்டும். மஹ்ஷர் மைதானத்தில் அவனை மட்டும் முன்னே தள்ளிவிட்டு நாம் பின்னால் ஒளிந்துகொள்ள இடம் இருக்குமென்று தோன்றவில்லை. ஈராக்கு நாட்டில் ஒரு கோவேறு கழுதை இடறி விழுந்தாலும், அதற்குப் பாதையை ஏன் செப்பனிடவில்லை என்று அல்லாஹ் தம்மிடம் கேட்பான் என உமர் (ரலி) அவர்கள் அஞ்சியதாக அறிவிக்கப்படுகிறது. அவர்கள் இருந்தது மதீனாவில்.

நம்முடைய சங்கத்தில் இதைப் பேசியபோது மூத்த அங்கத்தினர் ஒருவர் மறுத்துப் பேசினார். வானம் பூமியிலுள்ளவற்றை மனிதனுக்கு வசப்படுத்தித் தந்திருப்பதாக அல்லாஹ்வே சொல்லியிருக்க, யானைக்காக மனிதன் காத்து நிற்பதா என்றார். பாலிங், சீக் பக்கத்துக் கம்பங்களில் யானை இறங்கி, சிறு தோட்டக்காரன் வைத்த செம்பனைக் கன்றுகளைப் பிடுங்கிப் போடும் துயரத்தையும் எடுத்துக் காட்டினார். இருட்டில் யானைமீது மோதி மனிதர் காயப்படுவதும் உண்டு என்றார். அவர் சொன்னவை உண்மை. பிள்ளைபோல் வளர்த்த கன்றுகள் ஓர் இரவில் போய்விட்ட ஏழைக்கு யானையின் அழகைப் பற்றி உபதேசிப்பது கொடுமை. அந்த நஷ்டத்தை நாடு முழுதும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது நமது கட்சி.

ஆனால் வசப்படுத்தித் தருவது என்றால் என்ன? கிட்டங்கிச் சாவியை முதலாளி கணக்கப்பிள்ளையிடம் கொடுக்கிறார். சாவி அவன் வசமாயிற்று. சரக்கு அவனுடையதாகிவிடவில்லை. வசப்படுத்தித் தந்த அதே இறைவன்தான், பூமியில் நடமாடுவதும் இரு சிறகால் பறப்பதும் உங்களைப் போன்ற சமூகங்களே என்ற பொருளில் ஸூரத்துல் அன்ஆமில் அறிவித்திருக்கிறான். மேலும் யானை ஏன் கம்பத்தில் இறங்குகிறது? காடு துண்டு துண்டாகிப்போய், ஒரு துண்டிலிருந்து மறு துண்டுக்குப் போக வழியில்லாமல் இறங்குகிறது. தோட்டக்காரனின் துயரமும் கன்றின் சாவும் ஒரே வெட்டிலிருந்து வடியும் இரத்தம்தான்.

இரும்புப் பாதையின் கதை இதைவிடப் பழையது. பேராக்கில் தெலுக் இந்தான் பக்கத்தில் ஒரு நினைவுப் பலகை நிற்கிறது. அது அந்நாளில் தெலுக் அன்சன். 1894ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் தேதி ஓர் ஆண் யானை தன் கூட்டத்தைக் காக்கப் புகைவண்டியை எதிர்த்துப் பாய்ந்து, வண்டியைத் தடம் புரளச் செய்து தானும் மாண்டது. அவ்விடத்திலேயே புதைத்து வெள்ளைக்காரர்கள் பலகை வைத்தார்கள். வீரத்தை மெச்சினார்கள். ரயில் வழக்கம்போல் ஓடிற்று. மெச்சுவது சுலபம், செலவில்லாதது.

அதே காட்சி இன்றும் ஓயவில்லை. 2025 பிப்ரவரி 20ஆம் தேதி இலங்கையில் ஹபரணைக்கு அருகே பிரயாணிகள் ரயில் மோதி ஆறு யானைகள் மடிந்தன. நம் தாய்த் தமிழகத்தில், கோயமுத்தூர் மதுக்கரைக்கும் கேரள எல்லையிலுள்ள வாளையாறுக்கும் இடைப்பட்ட ரயில் பாதை யானைகளுக்கு எமனாக இருந்துவந்தது. 2021 நவம்பர் மாதம் ஒரே இரவில் அங்கே மூன்று யானைகள் செத்தன. அதன் பிறகு ஒரு நல்ல காரியம் நடந்தது. 2024 பிப்ரவரியில் தமிழக வனத்துறை அங்கே பன்னிரண்டு கோபுரங்களை நிறுத்தி, இருட்டிலும் உடற்சூட்டைக் கண்டுபிடிக்கும் காமிராக்களைப் பொருத்தியது. யானை பாதையை நெருங்கினால் இயந்திரமே அதை இனங்கண்டு செய்தி அனுப்பும். காவலர்கள் ஓடி விரட்டுவார்கள், ரயில் ஓட்டிக்கும் தகவல் போகும். யானைகள் தண்டவாளத்துக்கு அடியில் போகச் சுரங்க வழிகளும் அமைத்திருக்கிறார்கள். செலவு ஏழு கோடி ரூபாய்க்கு மேல். ஒரு பெரிய வீட்டுக் கல்யாணச் செலவோடு ஒப்பிட்டால், எத்தனை உயிருக்கு எவ்வளவு மலிவு என்று தெரியும்.

நம் நாட்டிலும் எதுவும் நடக்கவில்லை என்று சொல்லக் கூடாது. தீபகற்பத்தின் காடுகளை ஒன்றோடொன்று இணைக்க 2010இல் ஒரு பெருந்திட்டம் வகுத்து, 37 இணைப்பு இடங்களைக் குறித்தார்கள். பகாங்கில் ஸுங்கை யூ, திரங்கானுவில் கென்யிர், பேராக்கில் கிரிக் ஆகிய இடங்களில் சாலையைத் தூண்களின் மேலே தூக்கிக் கட்டி, கீழே மிருகங்கள் போக வழி விட்டிருக்கிறார்கள். பினாங்கு தெலுக் பஹாங்கில் செய்தது எமக்கு மிகவும் பிடித்தது. இலை தின்னும் கருங்குரங்குகள் சாலையில் இறங்கி அடிபடுவதைக் கண்டு, லங்கூர் புரோஜெக்ட் பினாங்கு என்ற அமைப்பினர் 2019இல் கழித்துப்போட்ட தீயணைப்புக் குழாய்களை முறுக்கி, மரத்துக்கு மரம் பாலம் கட்டினார்கள். அந்தக் கூட்டத்தின் தலைவன் குரங்குக்கு ஆ லாய் என்று பெயராம். பாலத்துக்கும் அப்பெயரையே சூட்டிவிட்டார்கள். சீனர் பெயர் கொண்ட குரங்குக்குப் பழைய குழாயில் பாலம். பினாங்கில்தான் இப்படியெல்லாம் நடக்கும்.

படையை நடத்திச் செல்பவர் ஒரு தாய்ப்பிராணிக்காக வழியை விலக்கிய முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது. ஹிஜ்ரி எட்டாம் ஆண்டு பத்தாயிரம் பேர் கொண்ட சேனையுடன் மக்காவை நோக்கிப் போகும் வழியில், குட்டிகளுக்குப் பாலூட்டிக்கொண்டு கிடந்த ஒரு பெண் நாயை நாயகம் (ஸல்) அவர்கள் கண்டார்கள். உடனே ஜுஅய்ல் இப்னு ஸுராகா (ரலி) என்ற தோழரை அழைத்து, படையினர் எவரும் அதையோ அதன் குட்டிகளையோ கலவரப்படுத்தாதபடி அங்கேயே காவல் நிற்கச் செய்தார்கள். வாகிதீயின் மகாஸியில் இது வருகிறது. மக்கா வெற்றி எத்துணை பெரிய காரியம்! அதைவிட அவசரமான சரக்கு எதையும் நாம் லோரியில் ஏற்றுவதில்லை.

அவசரம் என்றதும் இந்தியாவின் பந்திப்பூர்ச் சாலை ஞாபகம் வருகிறது. மைசூரிலிருந்து கூடலூருக்கும் வயநாட்டுக்கும் போகும் நெடுஞ்சாலைகள் புலியும் யானையும் உலாவும் அக்காட்டை ஊடுருவுகின்றன. 2009இல் இரவு ஒன்பது மணி முதல் காலை ஆறு மணிவரை வாகனங்களை நிறுத்த உத்தரவிட்டார்கள். 2010இல் கர்நாடக உயர்நீதிமன்றமும் அதை ஏற்றது. நோயாளி வண்டிக்கும் குறிப்பிட்ட சில பஸ்களுக்கும் விலக்கு உண்டு. வயநாட்டு வியாபாரிகள் கொதித்தெழுந்தார்கள். பகலிலும் மூடிவிடுவார்களோ என்ற அச்சத்தில் 2019இல் சுல்தான் பத்தேரியில் பெரிய கிளர்ச்சியும் உண்ணாவிரதமும் நடந்தன. அந்த வியாபாரிகளில் நம் சகோதரர்களும் ஏராளம். காய்கறி வாடுகிறது, வாடகை ஏறுகிறது என்ற அவர்கள் முறையீடு பொய்யல்ல. ஆயினும் வயநாட்டில் கடைகள் அடைபட்டுப் போகவில்லை. லோரிகள் நேரத்தை மாற்றிக்கொண்டன. நஷ்டம் எல்லோர்மீதும் சமமாக விழவில்லை என்பது மட்டும் உண்மை. பெரிய மண்டிக்காரர் தாங்கிக்கொள்வார், தலைச்சுமை வியாபாரி தாங்கமாட்டார். இங்கே அதுபோல் ஏதும் செய்வதாயிருந்தால் முதலில் இதை யோசிக்க வேண்டும்.

எடையில் குறைப்பவருக்குக் கேடுண்டு என்று குர்ஆனில் ஒரு ஸூறாவே இறங்கியிருக்கிறது. தராசுத் தட்டை அமுக்குவது மட்டும்தான் எடைக் குறைவா? கிளந்தான் மீனை நாம் மலிவாக விற்கிறோம். அதன் அடக்க விலையில் எண்ணெய், ஐஸ், கூலி, லோரி வாடகை எல்லாம் பேரேட்டில் ஏறியிருக்கின்றன. இரவில் பறந்து வந்ததற்கு மற்றொரு விலை உண்டு. அதைக் கன்றை இழந்த தாய் கொடுத்துவிட்டது, பேரேட்டில் அதற்குப் பத்தி இல்லை. ஒரு பயணத்தின்போது தோழர்கள் சிலர் ஒரு பறவையின் குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், இதன் குஞ்சைக்கொண்டு இதை வருத்தியவர் யார் என்று விசாரித்து, திருப்பிக் கொடுக்கச் செய்தார்கள். அபூதாவூதில் உள்ள ஹதீஸ் இது. குஞ்சு உயிரோடிருந்தபடியால் திருப்பிக் கொடுக்க முடிந்தது. லோரிக்கு அடியில் கிடந்ததை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

எனவே சங்கத்தின் முன் ஒரு யோசனையை வைக்கிறோம். கிழக்குக் கரையிலிருந்து சரக்கு வரவழைக்கும் அங்கத்தினர்கள் தத்தம் லோரிக்காரரிடம், காட்டுப் பகுதியை இரவில் கடக்க வேண்டாம், தவிர்க்க முடியாத இடத்தில் வேகத்தைக் குறைக்கவும் என்று சொல்லிவைக்கலாம். தாமதத்துக்குக் கூலியில் பிடிக்க மாட்டோம் என்று எழுதியும் கொடுக்கலாம். வாய்ச்சொல்லை ஓட்டிகள் நம்பமாட்டார்கள். துணி, கருவாடு, கிரோப்போக் வியாபாரிகளுக்கு இதனால் அரை நாள்தான் தாமதம், கெட்டுப்போக ஏதுமில்லை. பச்சை மீன்காரரின் நிலைமை வேறு. முன்னதாக ஏற்றி மாலைக்குள் காட்டைக் கடப்பதா, ஐஸைக் கூட்டி விடிந்த பின் புறப்படுவதா, கூடுதல் செலவை எல்லாக் கடைகளும் பகிர்ந்துகொள்வதா என்பதை அவர்கள் வாயால் கேட்காமல் நாம் முடிவு கட்டக் கூடாது. அடுத்த கூட்டம் இஷாவுக்குப் பிறகு கூடும்போது இதை எடுத்துக்கொள்ள நிர்வாகிகளைக் கேட்டிருக்கிறோம். மீன்கடைச் சகோதரர்கள் விடியலில் பசாருக்குப் போகிறவர்களாதலால், அவர்கள் பேச்சை முதலில் கேட்டு அனுப்பிவிட ஏற்பாடு செய்வது நலம். லோரி ஓட்டிகளில் இரண்டொருவரையும் அழைத்தால் இன்னும் நலம்.